அவர் பேரில் இருந்த என் புத்தகங்கள்

நீங்கள் சொன்னது பொய், முசியே. தெரியாமல் சொல்லியிருப்பீர்கள் என்று ஆறு மாதமாக உங்களுக்காக எனக்குள் நானே வாதாடிப் பார்த்துவிட்டேன். முதல் தடவை தெரியாமல்தான் சொன்னீர்கள், ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் தடவை தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

படிக்கிறவர்களுக்கு அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். பெயர் சொல்லாமலே லாஸ்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும். எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு வீடு, இங்கே ஒரு வீடு. பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே. நல்ல குரல். நாலு பேர் நடுவில் எழுந்து நின்றால் கேட்கிறவர்களுக்குத் தலையாட்டத் தோன்றும். எல்லாரும் அவரை முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். என்னை அவர் தங்கச்சி என்பார்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். அப்பா மில் தொழிலாளி. வீட்டில் புத்தகம் கிடையாது, ஆனால் மில் சங்கத்தில் ஒரு பீரோ நிறைய இருந்தது. அங்கே பிடித்த பழக்கம். பிரெஞ்சு நான் படித்தது பள்ளிக்கூடத்தில் கொஞ்சம், மீதி எல்லாம் ஆபீசில். பிரெஞ்சுக்காரன் காலத்து நொத்தேர்கள், அதாவது பத்திரம் எழுதும் அதிகாரம் இருந்தவர்கள், எழுதி வைத்த பழைய பத்திரங்கள் எங்கள் ரெக்கார்டு அறையில் அடுக்கடுக்காக இருக்கின்றன. சொத்துச் சண்டை என்று யாராவது வந்தால் அதை எடுத்துப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பத்திரம் படித்துப் படித்து வந்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு கொலைக் கதை படிக்க ஆரம்பித்தேன். பத்திரத்தை விடக் கொலைக் கதை சுலபம். அதில் யார் செத்தது என்றாவது தெளிவாகச் சொல்லிவிடுவான்.

நாற்பத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. ஐம்பதில் கண்ணுக்கு இறங்கியது. வரிக்கு நடுவில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு. கண்ணைக் கசக்கினாலும் போகாது. கண் டாக்டர் லேசர் வைத்துப் பார்க்கலாம், இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனதைக் கொண்டுவர முடியாது என்றார். சின்ன எழுத்து இனிமேல் கஷ்டம், பெரிய எழுத்தாக இருந்தால் படிக்கலாம் என்றார். பெரிய எழுத்துக்கு எங்கே போவது? இந்த ஊரில் எந்தக் கடையில் பெரிய எழுத்துப் புத்தகம் விற்கிறான்? என் வீட்டுக்காரர் மின்துறையில் வேலை பார்க்கிறவர், வாய் கொஞ்சம் நீளம். "ரேஷன் கடை போர்டு படி, சினிமா போஸ்டர் படி. ஊரு ஃபுல்லா பெரிய எழுத்துதான் இருக்குது" என்றார். நான் நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் அவர் சொன்ன மாதிரிதான் ஆகிப்போனது. ஆபீசில் பூதக்கண்ணாடி வைத்துப் பத்திரம் பார்ப்பேன், வெளியே வந்தால் பஸ் போர்டு படிப்பேன். வீட்டில் ஒரு பக்கம் படிக்க அரைமணி நேரம் ஆகும், அப்புறம் தலைவலி.

இரண்டாயிரத்து எட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முசியே அந்த மிஷினைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட வகுப்பறையில்தான் எங்கள் கூட்டம் நடக்கும். சின்னப் பிள்ளைகள் உட்கார்கிற பெஞ்சில் நாற்பது பெரியவர்கள் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சிலேட்டு அளவுக்கு ஒரு பலகை. கம்ப்யூட்டர் திரை மாதிரி கண்ணைக் குத்துகிற வெளிச்சம் இல்லை. சாம்பல் காகிதத்தில் அச்சடித்தது போல எழுத்து. பக்கம் திருப்பினால் ஒரு நொடி கறுத்துப்போய்த் திரும்ப வரும். உள்ளே நூற்றுக்கணக்கில் புத்தகம் வைக்கலாம் என்றார். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். எழுத்து பெரிதானது. இன்னொரு தடவை அழுத்தினார், இன்னும் பெரிதானது. என் கையில் கொடுத்தார். பூதக்கண்ணாடி இல்லாமல் ஒரு முழுப் பக்கம் படித்தேன். அடுத்த பக்கத்தையும் நானே திருப்பினேன்.

ஆனாலும் நான் பதிவு அலுவலகத்துக்காரி. கேள்வி கேட்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை. பழைய சலான் ஒன்றின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போனேன். அன்றைக்குப் போட்டிக்கு இன்னொரு மிஷினும் வந்திருந்தது. கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் ஒரு பெண் எங்கள் வட்டத்தில் உண்டு. முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஸ்கூட்டரில் வருவாள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அவளுடைய மிஷின் பார்க்க சகிக்காது. தடியாக, பொத்தான் எல்லாம் ஆடிக்கொண்டு. எழுத்து முசியேவுடையது அளவுக்குப் பெரிதாகவும் ஆகாது. ஆனால் அதற்கென்று கடை கிடையாது. எங்கிருந்து கிடைத்த கோப்பாக இருந்தாலும் கம்பியை மாட்டி உள்ளே போட்டால் திறக்கும். முசியேவுடைய மிஷின் அப்படி இல்லை. அதைச் செய்த கம்பெனியே ஒரு புத்தகக் கடையை இன்டர்நெட்டில் வைத்திருக்கிறது. அந்தக் கடையில் வாங்கின புத்தகம் அந்த மிஷினில்தான் திறக்கும்.

முதலில் தமிழைப் பரிசோதித்தேன். பென் டிரைவில் ஒரு தமிழ்க் கதையைக் கொண்டு போயிருந்தேன். முசியே மிஷினில் கட்டம் கட்டமாக வந்தது. அந்தப் பெண்ணின் மிஷினிலும் கட்டம்தான். அவள் அதைப் படம் போல மாற்றித் திரும்பப் போட்டதும் தமிழ் வந்தது, ஆனால் எறும்பு ஊர்கிற அளவுக்கு. பெரிதாக்கினால் வரியின் பாதி ஓரத்தில் வெளியே போய்விட்டது. இத்தனை கோடிப் பேர் பேசுகிற பாஷைக்கு இரண்டு மிஷினிலும் இடமில்லை. ஆளுக்கொரு எழுத்துருவைச் செய்து, ஒன்றில் அடித்தது மற்றொன்றில் திறக்காதபடி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. சரி, தமிழ் இல்லை, பிரெஞ்சும் இங்கிலீஷுமாவது படிக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அதுதான் பெரிய கேள்வி.

எழுந்து நின்றுதான் கேட்டேன். நாற்பது பேருக்கும் கேட்டது. "நாளைக்கு அந்தக் கடைய மூடிட்டான்னா, இல்ல இந்த மிஷினு உடைஞ்சு போச்சுன்னா, நான் வாங்கின புஸ்தகம் என்கிட்ட இருக்குமா இருக்காதா?"

முசியே சிரித்தார். "தங்கச்சி, இது என்னா சண்டே மார்க்கெட்டா, இன்னிக்கிக் கடை போட்டு நாளைக்கிச் சுருட்டிக்கினு போறதுக்கு? பிரான்சுல ஒண்ண வித்தான்னா வித்ததுதான். வாங்கனவனுக்கு அது ஆயுசுக்கும் சொந்தம். நான் பொறுப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ கையும் தட்டினார்கள். அந்தக் கல்லூரிப் பெண் மட்டும் என் பக்கம் குனிந்து, "அக்கா, அந்தப் புக்குக்கு எல்லாம் பூட்டு இருக்குது. சாவி கடைக்காரன்கிட்ட. அவனாப் பாத்து விட்டாத்தான் திறக்கும்" என்றாள். சத்தமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு எடுபட்டிருக்காது, அவள் பேச்சுக்குக் கையும் தட்டியிருக்க மாட்டார்கள்.

அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்தது. ஆனால் அவள் மிஷினில் எழுத்து சின்னது. அதை வரவழைக்க மாதக்கணக்கு ஆகும், கஸ்டம்ஸில் மாட்டினால் அதற்கு மேலும் ஆகும். முசியே அக்டோபரில் வரும்போது பெட்டியிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். என் கண்ணுக்கு அக்டோபர்தான் வேண்டியிருந்தது.

அடுத்து நடந்ததைக் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு இங்கேதான் இருக்கிறது. அதில் என் பங்கும் இருக்கிறது. அந்தக் கடை இந்தியாவுக்கு விற்காது. பிரான்சில் விலாசம் வேண்டும், பிரெஞ்சு வங்கி அட்டை வேண்டும். வேறு ஊராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் விடமாட்டோம். எல்லாத் தெருவிலும் பிரெஞ்சு பேப்பர் வைத்திருக்கிற ஒருத்தர் இருப்பார். நமக்குக் கிடைக்காதது எதுவாக இருந்தாலும் அவர் பேரில் வாங்கிக்கொள்ளலாம். சென்ட், ரேடியோ, கேமரா, எல்லாம் அப்படித்தான் வந்தது. புத்தகமும் அப்படியே வந்தது. ஒரு பேரில் ஆறு மிஷின் வரை பதிந்துகொள்ளலாம் என்று கடையின் விதி. முசியே வட்டத்திலிருந்து ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார். ஆறாவது அவர். ஏதோ பட்டம் கொடுப்பது மாதிரி பேர் வாசித்தார். நான் மூன்றாவது.

அக்டோபரில் மிஷின்கள் வந்ததும் அவர் வீட்டில் வைத்துத்தான் பதிந்தோம். அவர் கம்ப்யூட்டரில், அவர் பேர், அவர் பாரிஸ் விலாசம், அவர் அட்டை. என் மிஷினைக் கம்பியில் மாட்டினார். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. என் பேர் அதில் எங்கேயும் இல்லை.

அதே வாரம் பாகூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தார். பிரெஞ்சு குடியுரிமை உள்ள மச்சான் பேரில் நிலத்தை எழுதிவைத்துவிட்டார். மச்சான் இப்போது போனை எடுப்பதில்லையாம். கவுண்டரில் வைத்து நான் அந்த மனுஷனைத் திட்டினேன். "பேரு யாருதோ அவங்களுதுதான் நிலம். கையெழுத்துப் போடுறப்ப யோசிக்கறதில்ல, இங்க வந்து அழுவுறீங்க" என்று. அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் நான் முசியே வீட்டுக்குப் போய் என் மிஷினை அவர் பேரில் பதிந்துவிட்டு வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தேன். நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பதினான்கு மாதம் படித்தேன். நாற்பத்தொரு புத்தகம். பஸ்ஸில் படித்தேன், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது படித்தேன், ஆபீசில் சர்வர் வேலை செய்யாத நேரத்தில் படித்தேன். வீட்டுக்காரர் அதைச் சிலேட்டு என்றுதான் சொல்வார். "சிலேட்டு கெடச்சதுலேருந்து சோத்துல உப்பு இல்ல" என்பார். உப்பு சர்க்கரைக்காரிக்கு ஆகாது என்று நான் சொல்வேன். சாம்பல் பொட்டு அப்படியேதான் இருந்தது. எழுத்து அதை விடப் பெரிதாக இருந்ததால் சுற்றிக்கொண்டு போய்விடலாம்.

ஒரே தொல்லை, எந்தப் புத்தகம் வாங்க வேண்டுமானாலும் முசியேவுக்குப் போன் செய்து தலைப்பைச் சொல்ல வேண்டும். அவர் வாங்கி வைப்பார். காசை உடனே கொடுத்துவிடுவேன். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்க் கம்பியை மாட்டி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அவர் பாரிசுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்த மாதங்களுக்கு வேண்டியதை மொத்தமாக ஏற்றிக்கொள்வேன். ஐம்பது வயதுக்கு மேல் நான் என்ன படிக்கிறேன் என்பதை ஒரு ஆம்பிளையிடம் வாராவாரம் ஒப்பிக்க வேண்டும். "திரும்பவும் கொலையா தங்கச்சி? வீட்டுக்காரருகிட்டச் சொல்லி வைக்கணும், ஜாக்கிரதையா இருக்கச் சொல்லி" என்பார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். அந்த ஐந்து பேரில் அரியாங்குப்பத்து அண்ணன் ஒருவர், மில்லில் என் அப்பாவோடு வேலை பார்த்தவர். அவர் காதல் கதை படிப்பார். தலைப்பை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். முசியே அதைச் சத்தமாகப் படிப்பார்.

போன வருஷக் கடைசியில் எனக்கு லேசர் வைத்தார்கள். மூன்று வாரம் எதையும் படிக்கக் கூடாது என்று உத்தரவு. நான் மூடி வைத்துவிட்டேன். பாதியில் ஒரு புத்தகம் நின்றிருந்தது. மூன்று வாரமும் கொலையாளி யார் என்று யோசித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். நாலாவது வாரம் டாக்டர் சரி என்றதும் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மிஷினை எடுத்தேன். சார்ஜ் சுத்தமாக இறங்கியிருந்தது. மின்சாரத்தில் போட்டேன். திரையில் ஒரு படம் வந்து அப்படியே நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் நின்றது. கூட வந்த சின்னப் புத்தகத்தில், இப்படி ஆனால் பின்பக்கம் உள்ள ஓட்டையில் ஊசியால் குத்து என்று போட்டிருந்தது. புடவையில் குத்தியிருந்த சேப்டி பின்னை எடுத்துக் குத்தினேன்.

மிஷின் உயிரோடு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. புதிதாக வாங்கினது மாதிரி வெள்ளையாக, கணக்கின் பேரையும் ரகசிய வார்த்தையையும் கேட்டது. முசியேவுக்குப் போன் போட்டு வாங்கிக்கொண்டு, பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கம்பியை மாட்டினேன். பிரெஞ்சில் ஒரு வரி வந்தது. அது பத்திர மொழி, எனக்குப் பழகினது. இந்தச் சாதனம் இந்தக் கணக்கில் இல்லை. பூதக்கண்ணாடி வைத்து நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் அதே அர்த்தம்தான்.

முசியே பார்க்கிறேன் என்றார். ஒரு வாரம் கழித்து, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். அடுத்த வாரம் போனை அவர் மனைவி எடுத்தார். நான் கல்லூரிப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் வந்து தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். கடையை மூடிவிட்டார்கள். மூடி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாடிக்கைக்காரர்களை இன்னொரு கடைக்கு மாற்றிவிட்டார்கள். மூடுவதற்கு முன்பு கணக்கு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் கடிதம் போயிருக்கிறது. அறுபது நாளுக்குள் உங்கள் மிஷின்களின் எண்களைத் திரும்ப எழுதி அனுப்புங்கள், எழுதினதுக்கெல்லாம் சாவி தொடரும், எழுதாததற்கு இல்லை. அந்த அறிவிப்பு கடையின் பழைய பக்கத்தில் அப்போதும் கிடந்தது. நானே படித்தேன். மிஷினுக்குள் ஏற்கெனவே திறந்திருக்கிற புத்தகம் அதுபாட்டுக்கு இருக்கும், ஆனால் ஒரு தடவை அழிந்தால் அழிந்ததுதான்.

கடிதம் யாருக்குப் போயிருக்கும்? பேர் யாருதோ அவருக்கு.

அன்று சாயங்காலமே போனேன். வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். முசியே முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் புது மிஷின். பழையதை விட மெலிசு. எழுந்திருக்கக்கூட இல்லை, வா தங்கச்சி என்றார். நான் கேட்காமலே அந்த மிஷினை எடுத்தேன். பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். என் கொலைக் கதைகள் இருந்தன. ஒன்று விடாமல், நாற்பத்தொன்றும். அரியாங்குப்பத்து அண்ணனின் காதல் கதைகளும் இருந்தன. நான் பாதியில் விட்டுப் போன புத்தகமும் இருந்தது. அவர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

"லெட்டர் வந்துச்சா இல்லியா?" என்றேன்.

வந்தது என்றார். "ஆறு மிஷினு நம்பர எழுதினா, ஏன் ஆறும் இந்தியாவுல இருக்குதுன்னு கேப்பான். அதான் என்னுத மட்டும் எழுதினேன். அவன் ஒப்பந்தத்துல குடும்பத்துக்குன்னுதான் போட்டிருக்கான். நாளைக்கி கேசு கீசுன்னு ஆயி, என் நாஷனாலிட்டில கைய வச்சிட்டான்னா? என் பென்ஷன் இருக்குது, புள்ளைங்க அங்க இருக்குது. நீயே சொல்லு."

கொலைக் கதைக்கு எவனாவது குடியுரிமையைப் பிடுங்குவானா? இந்த ஊரில் பிரெஞ்சு பேப்பர் வைத்திருக்கிறவர்களுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. தபாலில் ஒரு சீல் வைத்த கவர் வந்தால் சோறு இறங்காது. அது எனக்குத் தெரியும். அதற்காகப் பரிதாபப்படவும் தயார். ஆனால் பயந்தவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஐந்து பேரையும் கூப்பிட்டு, இந்த மாதிரி, என்னால் முடியாது, ஊசி வைத்துக் குத்திவிடாதீர்கள், சார்ஜ் இறங்க விடாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு போன். மூன்று வாரம் நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோது என்னைப் பார்க்க ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். சர்க்கரைக்காரிக்கு ஆப்பிள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார். அப்போதும் சொல்லவில்லை. வீட்டுக்காரரைச் சார்ஜில் போடச் சொல்லியிருந்தால் இன்றைக்கு நாற்பத்தொன்றும் என்னிடம் இருக்கும்.

பூட்டை உடைத்த பிரதி எங்கேயோ கிடைக்கிறது, பென் டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றார். யாரிடமும் சொல்லாதே என்றார். அது வேண்டாம் என்றால் இங்கேயே வந்து இந்த மிஷினில் படித்துக்கொள், சனிக்கிழமைதோறும் வருகிறவள்தானே என்றார்.

"காசு குடுத்து வாங்கின புஸ்தகத்த உங்க வீட்டுல உக்காந்து உங்களக் கேட்டுப் படிக்கணுமா? எனக்கு அதெல்லாம் வேணாம். கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னீங்கல்ல, நான் பொறுப்புன்னு. அதே மாதிரி எழுந்து நின்னு, நான் சொன்னது தப்புன்னு சொல்லுங்க. அது போதும்."

"அது மட்டும் கேக்காத தங்கச்சி" என்றார். "தனியா என்னா வேணா கேளு."

நான் மிஷினை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். காபி ஆறிக்கொண்டிருந்தது.

அரியாங்குப்பத்து அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். பாவம், அவர் மிஷினில் இன்னும் எல்லாம் இருக்கிறது. அணைந்துவிடும் என்று பயந்து எப்போதும் மின்சாரத்திலேயே மாட்டி வைத்திருக்கிறார். கம்பி எட்டுகிற தூரத்தில் சுவரோரம் உட்கார்ந்துதான் படிக்கிறார். மின்சாரம் போனால் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு எப்போது வரும் என்று கேட்கிறார். "இது புஸ்தகமா, மூச்சு விடற மிஷினாம்மா? கழட்டுனா செத்துடுமா?" என்று என்னிடம் கேட்டார். மில்லில் நாற்பது வருஷம் நின்றே வேலை பார்த்த மனுஷன். சண்டை எல்லாம் வேண்டாம் என்கிறார். மற்ற மூன்று பேரும் அதையேதான் சொல்கிறார்கள். முசியே நல்லவர், அடுத்த தடவை வரும்போது ஏதாவது செய்வார். அவர்கள் பேச்சைக் கேட்டால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நானும் சும்மா இருந்திருப்பேன். நாற்பத்தொரு கொலைக் கதை போனதற்கு ஊரைக் கூட்ட மாட்டேன். பெரிய எழுத்து எனக்கு இன்னும் கிடைக்கிறது. கல்லூரிப் பெண்ணுடைய தடிமாட்டு மிஷினில் புதியது வந்திருக்கிறது, எழுத்து முன்னைவிடப் பெரிது. வாங்கிவிட்டேன், என் பேரில். காப்புரிமை முடிந்த பழைய பிரெஞ்சுக் கதைகள் பூட்டில்லாமல் கிடைக்கின்றன. அவற்றை ஏற்றி, இரண்டு பென் டிரைவில் நகலும் எடுத்து, ஒன்றை ஆபீஸ் அலமாரியில் வைத்திருக்கிறேன். புதுக் கதைகள் கிடைக்காது. தமிழ் இன்னும் கட்டம்தான். யாராவது என்றைக்காவது செய்வார்கள், அதுவரை என் கண் இருந்தால் பார்க்கலாம். எனக்கு வேண்டியது இப்போது மிஷின் இல்லை.

போன மாதக் கூட்டத்தில் முசியே அந்தப் புது மிஷினைக் கொண்டுவந்து காட்டினார். அதே வகுப்பறை, அதே பெஞ்சு. பொத்தானை அழுத்தி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். புதுக் கடை, முன்னதை விடப் பெரிய கடை என்றார். இந்தத் தடவை பதினோரு பேர் பேர் கொடுத்திருக்கிறார்கள். அவர் பேரில் ஐந்து, அவர் மனைவி பேரில் ஆறு. அதில் ஒரு அம்மாவுக்கு என்னைப் போலவே சர்க்கரை, கண்ணில் அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதம். மிஷினை வாங்கிப் பார்த்தபோது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நான் எழுந்து நின்றேன். முசியே என்னைப் பார்த்துவிட்டு, தங்கச்சிக்கு ஒரு தனிப்பட்ட விஷயம், அதை டீ சாப்பிடும்போது பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வட்டத்தின் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவளைப் பார்ப்பது போல. டீ வந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார்.

அதனால்தான் எழுதுகிறேன். பேச விட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

முசியே, இது தனிப்பட்ட விஷயம் இல்லை. டீயோடு முடிகிற விஷயமும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள். பென் டிரைவ் வேண்டாம், ஆப்பிள் வேண்டாம், வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுக்க வேண்டாம். மிஷினைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். கடையிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். தமிழில் வாய்விட்டுப் படியுங்கள், உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் நான் படித்துத் தருகிறேன், அதுதான் என் வேலை. ஆறு எண் எழுத வேண்டிய இடத்தில் ஏன் ஒரே எண்ணை எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். எழுதிவிட்டு ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். புதுக் கடை நாளைக்கு இதே மாதிரி ஒரு கடிதம் அனுப்பினால் அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேர் எண்ணை எழுதப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்தக் கண் ஆபரேஷன் ஆன அம்மா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்க்க வேண்டாம், அவரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.